விளக்கு வைக்கும் நேரத்துப் பாட்டு



சிறுவயதில் நீங்கள் முதன்முதலாக மனப்பாடமாக்கிய பாட்டு எது என்று கேட்டால் என்ன சொல்வீர்கள்? சைவக் குடும்பத்துச் சகோதரிகள் ஒரு தேவாரத்தைச் சொல்லலாம். முஸ்லிம் சகோதரிகளுக்கு வாப்பா ஓதக் கேட்டுப் பழகியது நினைவு வரலாம். சிலருக்கு அம்மா பாடிய தாலாட்டாக இருக்கலாம். பொருள் விளங்காத வயதில் மனதில் பதிந்தது, பொருள் விளங்கும் வயதில் நமக்கு உதவிக்கு வருகிறது. போரில் வீடும் வளவும் இழந்து, உறவுகளையும் இழந்த எங்களுக்கு இது சின்ன விடயம் அல்ல. அதனால் இம்மாதம் எனக்குத் தெரிந்த ஒரு பாட்டைப் பற்றிச் சொல்லப் போகிறேன். நான் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவள். ஆகவே இது ஒரு கிறிஸ்தவப் பாட்டு. மற்றச் சகோதரிகள் தங்கள் தங்கள் பாட்டை நினைத்துக்கொண்டு வாசிக்கலாம்.

எங்கள் பாமாலைப் புத்தகத்தில் ‘என்னோடிரும்’ என்று தொடங்கும் மாலைப் பாட்டு ஒன்று உண்டு. ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு வந்தது. கிறிஸ்தவ வீடுகளில் இதைத் தெரியாதவர்கள் குறைவு. பொழுதுபடுகிறது, இருள் கூடுகிறது, மற்றத் துணைகள் கைவிட்டுப் போகும் வேளையில் ஆண்டவர் கூட இருக்கவேண்டும் என்பதுதான் அதன் கருத்து. எனக்கு இதைப் படிப்பித்தவர் என் அம்மம்மா. அறுபதுகளில் யாழ்ப்பாணக் கிராமம் ஒன்றில் எங்கள் வீட்டுக்கு மின்சாரம் இல்லை. பின்னேரம் அரிக்கன் லாம்பின் சிமினியைத் துடைத்து, திரியை ஏற்றி, விறாந்தையில் பாயை விரித்தால் குடும்ப ஜெபம் தொடங்கும். ஒரு சங்கீதம், ஒரு ஜெபம், கடைசியில் இந்தப் பாட்டு.

அதில் வரும் சொற்கள் பெரியவர்களுக்கான சொற்கள். ஆறு வயதில் எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. யாரை நிற்கச் சொல்லிக் கேட்கிறோம் என்று ஒருநாள் அம்மம்மாவைக் கேட்டேன். அவர் சொன்னது இன்றும் நினைவிருக்கிறது.

“எங்கடை வீட்டுக்கு வந்த ஆக்களைப் பொழுதுபட்டால் நான் போக விடுறனானோ? இருட்டிப் போச்சு, நிண்டு சாப்பிட்டிட்டு விடிய வெளிக்கிடுங்கோ எண்டெல்லோ சொல்லுறனான். அதுதான் பிள்ளை இது. இயேசுவை நிக்கச் சொல்லிக் கேக்கிறம்.”

இந்த விளக்கம் அம்மம்மா தானாகச் சொன்னதென்று அப்போது நினைத்தேன். வளர்ந்து வேதாகமத்தை நானாக வாசித்தபோதுதான் அது லூக்கா எழுதிய சுவிசேஷத்தின் 24ஆம் அதிகாரத்தில் உள்ள கதை என்று கண்டேன். இயேசு சிலுவையில் மரித்தபின் இரண்டு பேர் எருசலேமை விட்டு எம்மாவு என்ற ஊருக்கு நடந்து போகிறார்கள். கிட்டத்தட்டப் பதினொரு கிலோமீற்றர் தூரம். நம்பியிருந்ததெல்லாம் முடிந்துபோயிற்று என்ற துக்கத்தோடு நடக்கிறார்கள். வழியில் ஒருவர் கூட நடக்கிறார். அவர்தான் இயேசு என்று அவர்களுக்குத் தெரியவில்லை. ஊரை அடையும்போது பொழுது சாய்ந்துவிட்டது. அந்நியர் அப்பால் போகப் பார்க்கிறார். அவர்கள் விடவில்லை. இருட்டப் போகிறது, எங்களோடு தங்கும் என்று வருந்திக் கேட்கிறார்கள். அவரும் தங்குகிறார். சாப்பிட உட்கார்ந்து அப்பத்தைப் பிட்டுக் கொடுக்கும்போதுதான் அவரை அடையாளம் காண்கிறார்கள்.

அந்த இருவரில் ஒருவருடைய பெயர் கிலெயோப்பா. மற்றவருடைய பெயர் சொல்லப்படவில்லை. அவர் கிலெயோப்பாவின் மனைவியாக இருந்திருக்கலாம் என்று கருதும் வேத அறிஞர்களும் உண்டு. துக்க வீட்டிலிருந்து நடந்துவந்து, வழியில் கண்டவருக்குச் சோறு போட நினைத்த ஒரு பெண் என்று எண்ணிப் பார்க்க எனக்குப் பிடிக்கும். எங்கள் பெண்கள் இடம்பெயர்ந்து போன ஊர்களிலும் அப்படித்தானே இருந்தார்கள்! இருந்த ஒரு சுண்டு அரிசியில் கஞ்சி காய்ச்சி, தெரியாத சனத்துக்கும் ஊற்றியவர்கள் எத்தனை பேர்.

பாட்டை எழுதியவர்

இந்தப் பாட்டை எழுதியவர் ஹென்றி பிரான்சிஸ் லைற். 1793இல் ஸ்கொத்லாந்தில் பிறந்தவர். தகப்பன் படையில் இருந்தவர், பிள்ளைகளைப் பொறுப்பாகப் பார்க்கவில்லை. தாயும் ஒரு சகோதரனும் இறந்துபோனார்கள். அயர்லாந்தின் எனிஸ்கிலன் என்ற ஊரில் விடுதிப் பாடசாலையில் விடப்பட்ட சிறுவனுக்கு விடுமுறைக்குப் போக வீடு இல்லை. அந்தப் பாடசாலை அதிபரே அவனுடைய செலவைப் பொறுப்பெடுத்து, தன் வீட்டுப் பிள்ளையாக வைத்துப் பார்த்தார்.

அந்தச் சிறுவன் வளர்ந்து குருவானவராகி, இங்கிலாந்தின் தென்பகுதியில் பிரிக்ஸம் என்ற மீன்பிடித் துறைமுகத்தில் இருபது ஆண்டுகளுக்கு மேல் பணிசெய்தார். கடலுக்குப் போகும் ஆண்கள், கரையில் காத்திருக்கும் பெண்கள் இவர்களே அவருடைய சபை. குருநகரிலும் முல்லைத்தீவிலும் மயிலிட்டியிலும் வாழ்ந்த சகோதரிகளுக்கு அந்தக் காத்திருப்பு என்னவென்று நான் விளக்கத் தேவையில்லை. மீனவர்களுக்கும் சிறுபிள்ளைகளுக்கும் அவர் பாட்டுக்கள் எழுதிக் கொடுத்தார்.

நெஞ்சு நோயால் மெலிந்துபோன லைற், 1847 செப்டெம்பரில் தன் சபைக்குக் கடைசிப் பிரசங்கம் செய்தார். அன்று மாலைதான் இந்தப் பாட்டு எழுதிய தாளை வீட்டாரிடம் கொடுத்தார் என்று அவருடைய குடும்பத்தார் சொல்லி வந்திருக்கிறார்கள். பின் குளிர் குறைந்த இடம் தேடிப் பயணமானார். அந்த ஆண்டு நவம்பர் 20ஆம் திகதி நீஸ் என்ற ஊரில் காலமானார். இன்று நாம் படிக்கும் இராகம் 1861இல் வில்லியம் ஹென்றி மொங்க் என்பவர் அமைத்தது.

இதையெல்லாம் எதற்குச் சொல்கிறேன்? தாயை இழந்த பிள்ளையாக வளர்ந்த ஒருவர், தனக்கு மரணம் கிட்டிவிட்டதென்று அறிந்தபோது எழுதியதாகச் சொல்லப்படும் பாட்டு இது. அதில் நோயை மாற்றிவிடும் என்ற விண்ணப்பம் இல்லை. இருட்டை அகற்றிவிடும் என்றும் இல்லை. இருட்டில் என்னோடு இரும் என்பது மட்டும்தான் உண்டு. துணையில்லாமல் இருந்து பார்த்த பிள்ளைக்குத்தான் துணையின் அருமை தெரியும்.

புத்தகம் போயிற்று, பாட்டு வந்தது

1990இல் யாழ்ப்பாணத்துக்கு மின்சாரம் நின்றது. மண்ணெண்ணெய் விலை ஏறி, கிடைப்பதும் அரிதாகிப்போன காலத்தில் ஜாம் போத்தல் விளக்கில் சொட்டெண்ணெய் விட்டு எரித்தோம். இரவில் விமானச் சத்தம் கேட்டால் அந்த விளக்கையும் ஊதி அணைத்துவிட்டுப் பதுங்கு குழிக்குள் இறங்கவேண்டும். குழிக்குள் பிள்ளைகள் நடுங்கும்போது அம்மா மெதுவாக இந்தப் பாட்டைத் தொடங்குவார். வெற்றியைப் பாடும் பாட்டுக்கள் எங்களுக்கு நிறையத் தெரியும். அவை தொண்டையை விட்டு வெளியே வரவில்லை. இருள் சூழ்கிறது என்று உள்ளதை உள்ளபடி ஒப்புக்கொண்டு தொடங்கும் இந்தப் பாட்டைத்தான் படிக்க முடிந்தது.

1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி இரவு வலிகாமத்துச் சனம் முழுவதும் தென்மராட்சியை நோக்கி நடந்தது. மழை, சேறு, இருட்டு. ஒரு அடி எடுத்துவைக்கப் பல நிமிடம் சென்றது. கையில் எடுத்தது இரண்டு பைகளும் பிள்ளைகளும். பாமாலைப் புத்தகம் மேசையில் இருந்தபடியே இருந்தது. அடுத்த ஆண்டு திரும்பிவந்து பார்த்தபோது மேசையும் இல்லை, புத்தகமும் இல்லை. ஆனால் கைதடியில் ஒரு பாடசாலை வகுப்பறையில் பன்னிரண்டு குடும்பங்களோடு இருந்தபோது, புத்தகமில்லாமலே பின்னேரத்தில் அம்மா அந்தப் பாட்டைப் படித்தார். நெஞ்சில் இருப்பதைத் தூக்கிச் செல்லப் பை தேவையில்லை. அதை எவரும் களவெடுக்கவும் முடியாது.

அந்த வகுப்பறையில் இன்னொன்றும் கண்டேன். எங்கள் பாட்டு முடிந்ததும் மற்ற மூலையிலிருந்த ஒரு பாட்டி சிவபுராணம் சொல்லத் தொடங்குவார். அவர் முடிக்கும்வரை எங்கள் மூலையில் ஒருவரும் சத்தம் போடமாட்டார்கள். பின்னர் 1990இல் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டுப் புத்தளத்தில் வாழ்ந்த ஒரு முஸ்லிம் சகோதரியைச் சந்தித்தேன். தன் உம்மா படுக்கும்போது ஓதித் தந்ததை ஓதித்தான் அந்தப் பயணத்தின் முதல் இரவைக் கழித்ததாக அவர் சொன்னார். நெஞ்சில் வைத்துக் கொண்டுவந்தது ஒவ்வொருவரிடமும் ஒன்று இருந்தது.

அம்மா மாற்றிய ஒரு சொல்

1996இல் ஊர் திரும்பிய சில மாதத்தில், காலையில் சைக்கிளில் வேலைக்குப் போன என் தம்பி திரும்பி வரவில்லை. அந்த ஆண்டில் யாழ்ப்பாணத்தில் அப்படி நூற்றுக்கணக்கான வீடுகள் இருந்தன. அம்மா அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கினார். அன்றோடு எங்கள் வீட்டில் இந்தப் பாட்டு நின்றுபோயிற்று. ஒரு பின்னேரம் பழக்கத்தில் நான் தொடங்கியபோது அம்மா கையைக் காட்டி நிறுத்தினார்.

“அந்தப் பாட்டை இனி இந்த வீட்டிலை படிக்க வேண்டாம் பிள்ளை. அது சேமக்காலையிலை படிக்கிற பாட்டு. என்ரை பிள்ளை சேமக்காலைக்குப் போகேல்லை.”

அம்மா சொன்னதில் நியாயம் இருந்தது. இந்தப் பாட்டு மாலை ஆராதனைக்கும் உரியது, மரணவீட்டுக்கும் உரியது. எங்கள் ஊரில் பெட்டியைக் குழியில் இறக்கும்போது அதைத்தான் படிப்பார்கள். காணாமற்போனவரின் தாய்க்கு எல்லாமே அப்படி இரண்டாகப் பிரிந்து நிற்கும். பொட்டு வைப்பதா, வைக்காமல் விடுவதா? படத்துக்கு மாலை போடுவதா, போடாமல் விடுவதா? திவசம் கொடுப்பதா? இருக்கிறார் என்றால் ஒன்று, இல்லை என்றால் வேறொன்று. எதைச் செய்தாலும் ஏதோ ஒன்றை ஒப்புக்கொண்டதாகிவிடும் என்று நெஞ்சு பதறும். இதை வாசிக்கும் உங்களில் பலருக்கு இந்தப் பதற்றம் தெரியும்.

ஒரு வருடத்துக்கு மேல் அப்படியே போயிற்று. ஏழு வயதான என் மகள் ஓய்வுநாட் பாடசாலையில் இந்தப் பாட்டைப் பழகிக்கொண்டு வந்தாள். ஒரு பின்னேரம் லாம்பைத் துடைத்துக்கொண்டிருந்த அம்மாவுக்குப் பக்கத்தில் இருந்து, கேட்காமலே பாடத் தொடங்கினாள். அவளுக்கு அது விளக்கு வைக்கும்போது படிக்கிற பாட்டு, அவ்வளவுதான். நான் பயந்துபோய் அம்மாவின் முகத்தைப் பார்த்தேன். அம்மா நிறுத்தச் சொல்லவில்லை. துணியைக் கையில் பிடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். இரண்டாம் சரணத்தில் தானும் சேர்ந்தார்.

சேர்ந்தபோது ஒரு சொல்லை மாற்றினார். ‘என்னோடு’ என்று வரவேண்டிய இடத்தில் ‘அவனோடு’ என்றார். இராகத்துக்கு அது சரியாகப் பொருந்தியது. மகள் நிமிர்ந்து பார்த்தாள், பிறகு அவளும் அப்படியே படித்தாள்.

சகோதரிகளே, அன்றிலிருந்து இன்றுவரை நான் இதை யோசித்து வருகிறேன். உயிரோடு இருப்பவருக்கு ஒரு ஜெபம், இறந்தவருக்கு இன்னொரு ஜெபம் என்று பிரித்துக் கேட்டால் எங்களால் எந்த ஜெபத்தையும் செய்யமுடியாது. ஆனால் ‘அவனோடு இரும்’ என்ற விண்ணப்பத்துக்கு அந்தக் கேள்விக்குப் பதில் தெரியவேண்டியதில்லை. தம்பி எங்கோ ஓர் அறையில் இருந்தாலும் அது பொருந்தும். மண்ணுக்குள் இருந்தாலும் பொருந்தும். எங்களுக்குத் தெரியாத இடம் கடவுளுக்குத் தெரியும் என்ற நம்பிக்கை ஒன்று போதும். அம்மா வேதசாத்திரம் படித்தவர் அல்ல. எட்டாம் வகுப்பு வரைதான் படித்தவர். சிறுவயதில் விறாந்தைப் பாயில் கற்ற பாட்டிலிருந்து இதைத் தானே கண்டெடுத்தார். விசுவாசம் என்றால் என்ன என்று என்னைக் கேட்டால் அந்த ஒரு சொல் மாற்றத்தைத்தான் சொல்வேன்.

இதனால் அம்மா தேடுவதை விட்டுவிட்டார் என்று நினைக்கவேண்டாம். தம்பியின் பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டையின் பிரதி, கொடுத்த மனுக்கள், வந்த கடிதங்கள் எல்லாவற்றையும் திகதிவாரியாக ஒரு பைலில் கட்டி, ஷொப்பிங் பையில் சுற்றி வைத்திருந்தார். விசாரணை என்று அறிவித்தல் வந்தால் முதல் பஸ்ஸுக்கு நிற்பார். பாட்டு அவரை வீட்டில் இருத்தவில்லை. போய்விட்டு வெறுங்கையோடு திரும்பிவந்த இரவுகளில் படுத்து உறங்க உதவியது. 2011இல் அம்மா கண்மூடினார். பதில் வரவில்லை. பைல் இப்போது என்னிடம் இருக்கிறது. 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் வீதியோரத்தில் தாய்மார் போராட்டத்தைத் தொடங்கியபோது அந்தப் பைலோடு நானும் போய் இருந்தேன். அங்கிருந்த தாய்மாரிலும் பலர் பதில் கிடைக்காமலே போய்விட்டார்கள். அவர்களுடைய பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் அந்தக் கேள்வி கைமாறியிருக்கிறது.

சிறைக்குள் ஒரு தாதி

இன்னொரு பெண்ணைப் பற்றியும் சொல்லவேண்டும். எடித் கவெல் என்பவர் இங்கிலாந்தில் ஒரு குருவானவரின் மகளாக 1865இல் பிறந்தவர். பெல்ஜியத்தின் பிரசெல்ஸ் நகரில் தாதியர் பயிற்சிப் பாடசாலைக்குப் பொறுப்பாக இருந்தார். முதலாம் உலகப் போரில் அந்த நகரம் ஜேர்மனியரிடம் விழுந்தது. அவர் எந்தப் பக்கத்துக் காயக்காரர் என்று பார்க்காமல் பராமரித்தார். அதோடு எதிரணிப் படையினர் ஏறக்குறைய இருநூறு பேர் நாட்டைவிட்டுத் தப்பிப்போகவும் உதவினார். 1915 ஓகஸ்டில் கைதானார். அந்த ஆண்டு ஒக்ரோபர் 12ஆம் திகதி விடியற்காலையில் அவரைச் சுட்டுக் கொன்றார்கள்.

முதல்நாள் இரவு ஒரு குருவானவருக்கு அவரைச் சந்திக்க அனுமதி கிடைத்தது. இருவரும் நற்கருணை எடுத்தபின், குருவானவர் இந்தப் பாட்டின் வரிகளைச் சொல்லத் தொடங்க, எடித்தும் மெல்லிய குரலில் கூடச் சொன்னார். நாட்டுப்பற்று மட்டும் போதாது, எவர்மேலும் வெறுப்போ கசப்போ தனக்கு இருக்கக்கூடாது என்ற கருத்தையும் அந்த இரவில்தான் அவர் சொன்னார். அந்தப் பாட்டை அவரும் குருவானவரின் வீட்டில் பிள்ளையாக இருந்தபோதே கேட்டிருப்பார். மறுநாள் விடியற்காலையில் நடந்ததைப் பாட்டு தடுக்கவில்லை. ஆனால் அந்த இரவில் அவர் தனியாக இருக்கவில்லை. பக்கத்தில் ஒரு மனிதக் குரல் இருந்தது.

அதுதான் நான் முக்கியமாகச் சொல்ல விரும்புவது. இந்தப் பாட்டு கடவுளிடம் கேட்பதை, நாங்கள் ஒருவருக்கொருவர் செய்யக்கூடியதாகவும் இருக்கிறது. பொழுதுபடும் நேரம்தான் தனித்துப்போன பெண்களுக்குக் கடினமான நேரம். பகலில் கோழி, தோட்டம், கூலி வேலை, பிள்ளைகளின் பாடசாலை என்று ஓடிவிடும். ஆறு மணிக்குப் பிறகு வீடு பெரிதாகிவிடும். அந்த நேரத்தில் பக்கத்து வீட்டுப் படலையைத் திறந்துகொண்டு போய், “என்ன அக்கா, தேத்தண்ணி குடிச்சாச்சோ?” என்று கேட்டு அரைமணித்தியாலம் திண்ணையில் இருந்துவிட்டு வருவதற்குச் செலவு ஒன்றுமில்லை. அம்மாவுக்கு அப்படி ஒரு சைவச் சகோதரி இருந்தார். அவருடைய கணவரும் காணாமற்போனவர். இரண்டு பேரும் ஒன்றும் அதிகம் கதைக்கமாட்டார்கள். ஆனால் ஒரு நாளும் தவறாமல் வருவார். மழை நாளில் குடை பிடித்துக்கொண்டு வருவார். அம்மாவின் விண்ணப்பத்துக்குக் கடவுள் கொடுத்த பதிலில் அவரும் ஒரு பங்கு என்றே நான் நம்புகிறேன்.

பிள்ளைகளுக்கு என்ன கொடுக்கிறோம்?

இப்போது எங்கள் வீடுகளில் மின்சாரம் உண்டு. கைத்தொலைபேசியில் ஆயிரம் பாட்டுக்கள் உண்டு. பிள்ளைகள் நிறையக் கேட்கிறார்கள். வாய்விட்டுப் படிப்பது குறைந்துவிட்டது. கேட்ட பாட்டு மறந்துபோகும். தினமும் ஒரே நேரத்தில், ஒரே ஆட்களோடு, வாய்விட்டுப் படித்த பாட்டு மறக்காது. பொருள் விளங்காத பிள்ளைக்கு எதற்கு என்று சிலர் கேட்பார்கள். விதை நெல்லை வீட்டில் வைத்திருப்பது அன்றைக்கே சோறாக்க அல்லவே! தேவைப்படும் காலத்தில் அது முளைக்கும்.

ஆகையால் சகோதரிகளே, இம்மாதம் ஒன்று செய்து பாருங்கள். பொழுதுபட்டதும் தொலைக்காட்சியைப் பத்து நிமிடம் நிறுத்துங்கள். பிள்ளைகளையோ பேரப்பிள்ளைகளையோ பக்கத்தில் இருத்துங்கள். உங்கள் அம்மா உங்களுக்குத் தந்த பாட்டு எதுவோ, தேவாரமோ, ஓதலோ, கீர்த்தனையோ, அதைச் சேர்ந்து படியுங்கள். குரல் நல்லதா என்று பார்க்கவேண்டாம். பாட்டில் ஒரு சொல் தடக்கினால் அடுத்த சொல்லைப் பிள்ளை பிடித்துக்கொள்ளும்.

எம்மாவுக் கதையில் ஒரு சின்னச் செய்தியைப் பலர் கவனிப்பதில்லை. வந்தவர் யாரென்று தெரிந்ததும் அந்த இருவரும் அங்கேயே தங்கிவிடவில்லை. பொழுது சாய்ந்துவிட்டது, இருட்டப் போகிறது என்று சொன்னவர்கள் அவர்கள்தான். அவர்களே அந்த இரவிலேயே எழுந்து, வந்த வழியே எருசலேமுக்குத் திரும்பி நடந்தார்கள். இருட்டு அப்படியேதான் இருந்தது. பாதையும் அதே பாதைதான். தாங்கள் தனியாக இல்லை என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

அந்தத் தைரியம் உங்கள் எல்லோருக்கும் கிடைக்கட்டும். அடுத்த மாதம் சந்திப்போம்.